மீன் பச்சையாக இருக்கிறது

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் இருபத்தாறு வருடமாக மீன் ஆய்ந்து கொடுப்பவள் ஜூடித். பர்மியர்கள் அவளை மரியாதையாக டோ ஜூடித் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு வெறும் ஜூடித்தான். அவள் கைபட்ட மீனைக் குறை சொல்லிவிட்டால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். எனக்கு அனுபவம் உண்டு.

அவள் கவலையெல்லாம் மகன் நெல்சனைப் பற்றித்தான். வயது முப்பத்தைந்து ஆகிறது. பார்த்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிற்று. கடைசியில் அவனே லான்மடா பேட்டையில் அஞ்சலி என்ற பெண்ணைக் கண்டுபிடித்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள் என்றதும் ஜூடித் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து ஆற்று முரல் வரவழைத்தாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். இந்தப் பெண்ணும் கைநழுவிப் போய்விடுமோ என்று அவளுக்கு ஒரே பயம்.

முரல் ஆய்வது லேசுப்பட்ட வேலை அல்ல. அந்த நீள அலகு முழுக்க ஊசிப் பல், கையைக் கிழித்துவிடும். ஜூடித் சாம்பல் தொட்டு மீனை வழுக்காமல் பிடித்து, பொடிச் செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறல் போட்டாள். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, அலகை வால்பக்கம் குத்தி, வளையல் மாதிரி வளைத்துக் கடலை எண்ணெயில் பொரித்தாள். வாசனைக்கே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

அஞ்சலி வீட்டில் பேசுவது பர்மிய மொழிதான். "அம்மாகிட்ட தமிழ்லயே பேசு" என்று நெல்சன் சொல்லிக் கூட்டிவந்திருந்தான். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் அவளை உட்காரவைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போனான்.

அவள் மீனைப் பிட்டுப் பார்த்து விழித்தாள்.

"அத்தே, மீன் பச்சை."

ஜூடித்தின் முகம் சுண்டிவிட்டது. எங்கள் இரண்டு பேர் தட்டையும் எடுத்துப்போய் மறுபடி பொரித்துக் கொண்டுவந்தாள்.

"இன்னும் பச்சைதான் அத்தே."

திரும்பவும் தட்டு அடுப்படிக்குப் போயிற்று. எனக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் என் மீனும் சேர்ந்து மொறுமொறுப்பாகிக்கொண்டு வந்ததே! வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் முறை மீன் பாதி கருகி வந்தது. அஞ்சலி அதைப் பிட்டுவிட்டு, "இப்பவும்..." என்று இழுத்தாள். ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபத்தாறு வருஷமா மீன்லயே கெடக்கேன். ஒரு மீன் பொரிக்கத் தெரியாதாம்மா எனக்கு? வீட்டுக்கு வந்த புள்ளைக்கு வேகாததையா போடுவேன்?"

இதற்குமேல் சும்மா இருந்தால் பாவம். அஞ்சலியின் தட்டிலிருந்து நடுமுள்ளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். முரலின் முள் எப்போதும் பச்சை நிறம்தான். பார்த்துப் பார்த்துப் பழகிய ஜூடித்துக்கு அது தோன்றவே இல்லை.

"அடியே, அந்தப் புள்ள சொன்னது கலரை!"

ஜூடித் தலையில் அடித்துக்கொண்டாள். அஞ்சலி சிரிக்கவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நான் கை வைக்க வைக்க நீங்க தட்டை எடுத்துட்டுப் போறீங்க. என்னைப் பிடிக்கலை, அதான் சாப்பிட விடலைன்னு நெனைச்சேன்."

ஜூடித் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கருகாத மீனாகத் தேடி எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"பிடிக்காதவளுக்கா மூணு தடவ பொரிச்சேன்?"