மாப்பிள்ளை வைத்திருந்த தாமரைக் காசு

குற்றாலத்துக்குப் போனால் எல்லாரும் அருவிக்கு ஓடுவார்கள், துணிமணிக்குக் காவலாக ஒருத்தர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் நான்தான். தலை நனைந்தால் எனக்குச் சளி பிடித்துவிடும். அதில் வருத்தமே கிடையாது, அத்தனை பேர் பாக்கெட்டும் என் மடியில் கிடக்குமே! சில்லறையைத் துழாவுவேன். பழைய காசு அகப்பட்டால் எடுத்துக்கொண்டு, அதே மதிப்புக்குப் புதுக் காசைப் போட்டுவிடுவேன். ஒருத்தருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. இதைத் திருட்டு என்கிறவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும். இந்த விஷயம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த சீசனில் அக்காவுக்குப் பூ வைக்கத் திருவேங்கடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தென்காசிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை போலீஸ். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சாயங்காலந்தான பூ வைக்கோம், அதுக்குள்ள ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவோம்" என்று வேன் பிடித்துவிட்டார். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர்க்காரர்கள், அருவியைக் கண்டதும் துணியை என் மடியில் எறிந்துவிட்டு ஓடினார்கள்.

மாப்பிள்ளையின் பேண்ட் பாக்கெட்டில் சில்லறையோடு சில்லறையாக அது இருந்தது. தாமரை போட்ட பித்தளை இருபது பைசா. எத்தனை நாளாகத் தேடிய காசு! எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். பதிலுக்கு ஓர் அலுமினிய இருபது பைசாவைப் போட்டுவைத்தேன்.

ஈரத்தலையோடு வந்த மாப்பிள்ளை, துவட்டுவதற்கு முன்பே பாக்கெட்டில் கையை விட்டார். முகம் செத்துவிட்டது. அந்த ராசிக் காசு இருந்ததால்தான் போலீஸ் செலக்‌ஷனில் கயிறு ஏறினாராம். அது இல்லாமல் வேனில்கூட ஏறமாட்டாராம்.

"குரங்கு எடுத்திருக்கும்" என்று அப்பா சொல்லிவைத்தார். அவ்வளவுதான். இடுப்பில் துண்டோடு மாப்பிள்ளை மரத்தடியில் நின்று, "எடுத்தத மரியாதையா கீழ வையி" என்று ஒரு குரங்கை விசாரிக்க ஆரம்பித்தார். அப்பா அதற்கு ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். குரங்கு பழத்தை வாங்கிக்கொண்டு தோலை மாப்பிள்ளை மேல் போட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சேலையைப் பிழிந்தபடி வந்தார். "அண்ணாச்சி, சகுனம் சரியில்ல. காசு கெடச்சா பூ வைப்போம். இல்லன்னா நாங்க இப்பிடியே ஊருக்குக் கெளம்புதோம்."

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போனால் போகிறது என்று மூடிய கையை நீட்டப்போனேன்.

அக்கா பக்கத்தில் வந்து என் கையைத் தன் கைக்குள் வைத்து இறுக்கினாள். காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. உனக்குச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

"கையத் தொறந்த, கொன்னுருவேன்" என்றாள் என் காதில்.

காசு இல்லாமல் வேனில் ஏறமாட்டேன் என்ற மாப்பிள்ளை பஸ்ஸில் ஏறிப் போனார். அப்பா வழியெல்லாம் குரங்குகளைத் திட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா என் விரல்களைப் பிரித்துத் தாமரைக் காசை எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு இரண்டு பத்துப் பைசாவை உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னட்டி, கணக்கு சரிதான?" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.