மெக்கானிக் ரத்தினசாமியின் கையெழுத்து

ஒரு துண்டுத் தோலைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார் ரத்தினசாமி. நான் அவரை முதலில் கண்டது அப்படித்தான். 1927-ல் மதராஸில் பி.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போது, நான் ஏறிய ஆம்பூர் பஸ் பள்ளிகொண்டா அருகே நின்றுவிட்டது. இஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தோடு சேர்க்கும் கிளச்சுக்கு அந்நாளில் தோல்தான் போர்த்தியிருப்பார்கள். அது கருகிப்போயிருந்தது. ஆம்பூரிலிருந்து சைக்கிளில் தோல்கட்டோடு வந்து சேர்ந்தார் மெக்கானிக்.

கடித்ததைத் துப்பினார். "இது வேலைக்காவாது. பதம் போட்ட ஆவாரம்பட்டை சரியா ஏறல." வேறொன்றைக் கடித்துத் தலையசைத்தார்; விளக்கெண்ணெயில் ஊறவைத்து, வெட்டி, ஆணியறைந்தார். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி உறுமியது. கையைத் துடைத்துக்கொண்டே என் மடியிலிருந்த தகரக் குழலைப் பார்த்தார்.

"இன்னா சார் அது, கொயலு?"

"பி.ஏ. சர்டிபிகேட்."

"அத்த வெச்சினு நீங்க இன்னா சொன்னாலும் கேப்பாங்களா?"

"கேட்காமல்?" என்றேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அன்று வேறெப்படிச் சொல்வேன்?

டிரைவர் அப்துல் சமத் சிரித்தார். "அவருக்குக் கொயல்ல கீது, உனக்குப் பல்லுல கீது தோஸ்த். வா, ஏறு."

பன்னிரண்டு வயதில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர் ரத்தினசாமி. தோல் ஷாப் முதலாளியின் காருக்கு ஒருநாள் கிளச் தோல் மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து மோட்டாரை விடவில்லை. இஞ்சினை யாரும் அவருக்குப் பெயர் சொல்லிக் கற்பிக்கவில்லை. ஆகவே ஆட்டையும் மாட்டையும் அறுத்துப் பார்த்த கண்ணால் அவரே பெயர் வைத்துக்கொண்டார். கார்புரேட்டர் அவருக்கு ஈரல். ரேடியேட்டர் இரைப்பை. கியர் பெட்டி குடல். "குடல்ல ஏதோ கடிக்குது, எறக்கிப் பாக்கணும்" என்பார். இறக்கிப் பார்த்தால் ஒரு பல் உடைந்திருக்கும். அவர் மனைவி சவுரியம்மாளுக்கு ஒரு குறை உண்டு: "வூட்ல ஒல பொங்கி வழிஞ்சாலும் இதுக்குக் காது கேக்காது. ரோட்ல போற வண்டி இருமினா மட்டும் எழுந்து ஓடும்."

இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்த பிறகு, அதே பஸ் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதனால்தான் 1930-ம் வருஷத்து ஆடி மாதக் காலை ஒன்றை நான் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

பேரணாம்பட்டு வழியாக மலையேற வேண்டிய வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்த ரத்தினசாமி, நேரே பஸ் முதலாளியின் ஆபீசுக்குள் நுழைந்தார். "மொதலாளி, பிரேக் பட்டை தேஞ்சிட்ச்சி. இன்னிக்கு மல ஏத்த வேணாம்."

"சந்தைக் கூட்டம் நிக்குது. நாளைக்கு மாத்து."

"எறக்கத்துல நிக்காது மொதலாளி."

"நீ இன்னா இஞ்சினீரா? தோல் ஊற வெச்சினு இருந்தவன்தானே?"

நான் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் பட்டம் என் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிக்குள் இருந்தது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல்போன வண்டியை, பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறைமேல் மோதி நிறுத்தினார் சமத். பயணிகள் இருபத்திரண்டு பேரும் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ரத்தினசாமி எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி பாதி எழுதிவிட்டு, "சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். 'டிரைவரின் கவனக்குறைவு' என்று முடிந்தது அறிக்கை. சமதின் மனைவி நசீமுன்னிசா அதை என்னிடம் கொண்டுவந்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். வாசலில் நின்றிருந்த ரத்தினசாமியும் கேட்டார். அன்றைக்கே என் மேஜை முன் வந்து நின்றார்.

"அந்தக் கோடு போட முடியாத காயிதம் எங்க சார் குடுக்கறாங்க?"

மதராஸில் ஒரு தொழிற்பள்ளியார் ஆண்டுக்கொரு முறை பரீட்சை வைத்தார்கள். நாற்பத்தாறு வயதில் போனார். கியர் பெட்டியைத் தொட்டுக் காட்டி இது என்னவென்று பரீட்சகர் கேட்க, அவசரத்தில் "குடல்" என்று சொல்லிவிட்டார். அறை முழுதும் சிரித்ததாம். தேறாமல் திரும்பி வந்தவர் அதைச் சொல்லித் தானும் சிரித்தார். அதற்கடுத்த வருஷம் முழுதும் ஷெட் சுவரில் கரியால் இங்கிலீஷ்ப் பெயர்களை என்னைத் தமிழெழுத்தில் எழுதித் தரச் சொல்லி, வேலை செய்துகொண்டே ஜெபம்போல் முணுமுணுத்தார். தன் பெயரை எழுதப் பழகினார். 'த்' மேல் புள்ளி வைப்பதற்கு மட்டும் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். 1932-ல் தேறினார்.

அதே வருஷம், பரீட்சையில் தேறிய மெக்கானிக் கையெழுத்திடாத வண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எங்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள். அச்சடித்த தாளும் வந்தது. ஓடலாம், ஓடக்கூடாது என்று இரண்டு வரி. ஒன்றை அடித்துவிட்டுக் கீழே பெயர் எழுத வேண்டும்.

முதல் தாள் வந்த நாளில் முதலாளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைக்கக் குடியாத்தத்துக்குப் புறப்பட வேண்டிய பஸ்ஸில் வாழைமரம் கட்டியிருந்தது. மேளக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அடியிலிருந்து ரத்தினசாமி வெளியே வந்தார்.

"ஸ்டீரிங்குல முட்டி கயண்டுக்கும் போல கீது. ஓடாது."

"இன்னிக்கு ஒருநாள் ரத்தினம்," என்றார் முதலாளி. அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. "ஊரே பாத்துனு கீது. நல்ல காரியம்யா."

ரத்தினசாமி மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். சாப்பாட்டுக்குக்கூட அவர் அப்படிக் கழுவிப் பார்த்ததில்லை. என் பேனாவை வாங்கி 'ஓடலாம்' என்பதை அடித்தார். மூச்சைப் பிடித்துப் புள்ளி வைத்துப் பெயரை எழுதினார். பிறகு வெளியே போய், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை உருவி வந்து, காற்றில் பறக்காதபடி அந்தத் தாளின் மேல் வைத்தார்.

மாப்பிள்ளை மாட்டுவண்டியில் வந்தார்.

ரத்தினசாமி இப்போதும் ஆம்பூர் ஷெட்டில்தான் இருக்கிறார். சமத்மேல் பழிபோட்ட அறிக்கையைத் திருத்தக் கோரி மூன்று மனுக்கள் போட்டிருக்கிறோம். எழுதியது நான், கீழே அவர் பெயரும் சர்டிபிகேட் நம்பரும். பதில் இன்னும் வரவில்லை.