நெல்லில் கால் படாத பாப்பா

ஒன்றரை வயது தாண்டியும் எங்கள் பாப்பா நடக்கவில்லை. இளம்பிள்ளை வாதமாக இருக்குமோ என்ற பயத்தில் இன்று காலை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா பாப்பாவின் இடுப்பை அசைத்துப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நிற்கவைத்தார். பாப்பா லேசாகச் சிணுங்கினாள். நான் பாய்ந்து தூக்கிவிட்டேன்.

"முதல்ல கீழ விடுங்க. வீட்ல எங்க விளையாடுவா?"

"எங்க விடறது டாக்டரம்மா? ஊடு பூரா நெல்லு காயுது. கால் பட்டா பாவம்னு ஆளுக்கு ஆள் மாத்தித் தூக்கிகினே இருக்கோம்."

"வருஷம் பூராவா காயுது?"

என் மனைவி போட்டுக்கொடுத்தாள். "நெல்லை மூட்டை கட்டி மாசக்கணக்காவுதும்மா. இவருதான் இன்னும் எறக்கி வுடமாட்டேன்றாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கால்ல ஒரு குறையும் இல்ல. நடக்க நீங்க விட்டாத்தானே?"

மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். நான் தும்முவதுபோல் சமாளித்தேன்.

இப்போது பாப்பா கூடத்தில் சுவரைப் பிடித்து நிற்கிறாள். அழுதால் தூக்கிவிடுவேன் என்று என்னை மட்டும் நம்பாமல் வீட்டில் எல்லாரும் தெருவுக்குத் துரத்திவிட்டார்கள். உள்ளே பாப்பா அழுகிற சத்தம் கேட்கிறது.

பெற்றவர்களே, நீங்களெல்லாம் இதை எப்படித்தான் தாங்கினீர்கள்?