பிக்கப்புக்குப் பாரம்

என் எடை நூற்றுப் பத்து கிலோ. எங்கள் எஸ்டேட்டில் அது எல்லோருக்கும் ஒரு வசதி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் செம்மண் சரிவில், மழை பெய்தால் காலி பிக்கப் வண்டி வழுக்கும். பின்னால் திறந்த தட்டில் பாரம் இருந்தால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். அந்தப் பாரம் நான்தான். சம்பளம் வாங்குவது என்னவோ உர ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு.

வண்டி என் அக்கா கணவருடையது. "வெயிட்டு வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா கிளப்புவார். ரிங்லெட் கோயிலுக்கு, பிரிஞ்சாங் சந்தைக்கு, முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்துக்கு என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். பத்திரிகை ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இனிமே ஏற மாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே இரண்டு உர மூட்டைகளை ஏற்றினார். நனையக் கூடாதென்று தார்ப்பாயும் போட்டுக் கட்டினார். எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு குடைகூடக் கொடுத்ததில்லை.

எனக்குப் பெண் பார்க்கத் திரிங்காப்புக்குப் போன அன்றும் மழைதான். சேறு படாமல் மாப்பிள்ளையாகப் போய் இறங்கவேண்டும் என்று, புதுச் சட்டையோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். ஸ்டோரில் உரம் தீர்ந்திருந்தது.

"அப்ப பின்னால யாரு?" என்றார் மாமா.

லயத்து வாசலில், வங்காளதேசத்திலிருந்து புதிதாக வந்த தொழிலாளர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். "அந்த ஒல்லி வேணாம், பத்தாது. இந்த ரெண்டையும் ஏத்துங்க."

மாமா சைகை காட்டினார். இருவரும் ஏறினார்கள். சரிவில் வண்டி கொஞ்சமும் வழுக்கவில்லை. "நல்ல வெயிட்டுலா!" என்று நானே மெச்சிக்கொண்டேன்.

தார் ரோட்டில் ஏறியதும் பின்னாலிருந்து எங்கள் தலைக்கு மேலிருந்த கூரையைத் தட்டினார்கள். மாமா நிறுத்தினார். தலையை வெளியே நீட்டினேன். தொப்பலாக நனைந்திருந்த ஒருவர், தட்டுத்தடுமாறிய மலாயில் மரியாதையாகக் கேட்டார்: "அண்ணே, நாம எங்க போறோம்?"

என்னை மாமாகூட ஊரைச் சொல்லித்தான் ஏற்றுவார். வெட்கத்தில் காது சுட்டது. "எனக்குப் பொண்ணு பாக்க" என்று மலாயில் சொன்னேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, ஈரக் கையை நீட்டி, என் கையைக் குலுக்கி வாழ்த்தினார். என் புதுச் சட்டை முழங்கைவரை நனைந்தது.

திரிங்காப்பில் பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். டீ கலக்கவேண்டும், எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றார் மாமா.

"நாலு" என்றேன் நான்.