ஆஸ்பத்திரிக்குப் போன விதைநெல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை செங்கலடியில் ஒரு கராஜுக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர்: என்னோடு படிப்பிக்கும் கணித ஆசிரியர், கராஜ்காரர், நான். வராதவர் ஆசிரியரின் மனைவி. முதுகு வலியால் பஸ்ஸில் போக முடியாத அவருக்காகத்தான் அந்தச் சின்ன வெள்ளைக் கார் லீசிங்கில் எடுக்கப்பட்டது. ஆனால் அது பார்வைக்கு எடுப்பாக, தரையோடு கொஞ்சம் பதிவாக நிற்க வேண்டும் என்பது ஆசிரியரின் ஆசை.

"ரெண்டு விரல் பதிஞ்சாக் காணும். ஆனா குலுக்கப்படாது," என்றார்.

கராஜ்காரர் பழைய ஷொக் அப்சோபரைக் கழற்றி மணலில் போட்டார். அதிலிருந்து கறுப்பு எண்ணெய் மெல்லக் கசிந்தது. பழைய எண்ணெயும் புழுதியும் சேர்ந்த மணம். அந்த மணத்தோடு எனக்கு எப்போதும் இன்னொரு மணமும் வரும்: வெயிலில் சூடேறிய சாக்கும் நெல்லும். ஷொக்குக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் சம்பந்தம்.

சமாதானம் முறிந்து சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம் அது. நான் கம்பஸில் முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் என்பதால், கிணற்று மோட்டர் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பௌதிகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். மோட்டர் திருந்தியதாக ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு அப்போது மூன்றாவது முறை வயிற்றில். முதல் இரண்டும் தங்கவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது இரண்டே விஷயம்: கிளினிக்கைத் தவறவிடக்கூடாது, குலுங்கக்கூடாது. எங்கள் பக்கத்து ரோட்டில் இரண்டும் ஒன்றாக நடக்காது. பஸ்ஸில் போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடக்க வேண்டும். ஆகவே அத்தானின் கார்.

அந்தக் காரை அத்தான் வெளிநாடு போன ஒருவரிடம் வாங்கியிருந்தார். அந்த மனிதர் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்திருந்தார். அத்தானுக்கும் அது பெருமைதான். வயல் வட்டைக்குப் போகும்போதுகூட அதில்தான் போவார். மண்வெட்டி பின் சீற்றில் கிடக்கும். கார் பற்றி அக்கறை இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: காரைத் தாங்குவது ஸ்பிரிங், துள்ளாமல் பிடிப்பது ஷொக். ஸ்பிரிங்கை வெட்டிவிட்டுப் பழைய ஷொக்கையே வைத்திருந்தால், குழிக்குள் விழும்போது அடியில் இடிக்கும்.

இடி ஒரு பக்கம் இருக்க, சாவடியில் நிற்கும் ஆமிக்காரர்களுக்குப் பதிந்த கார் என்றால் பாரம் ஏற்றிய கார். பாரம் கண்ணில் படாவிட்டால் எங்கோ ஒளித்திருக்கிறது என்று அர்த்தம். முதல் கிளினிக் நாளில் சீற்றைக் கழற்றினார்கள், கதவின் உள்பக்கத்தைக் கழற்றினார்கள், மேலதிகச் சில்லையும் உருட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு நேரமும் அக்கா வெயிலில் ஒரு கல்லில் இருந்தாள்.

"இதுக்கு நான் நடந்தே வந்திருப்பன்," என்றாள் திரும்பும்போது.

அடுத்த கிளினிக்குக்கு முன் ஷொக் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஓட்டமாவடியில் பழைய உதிரிப்பாகம் விற்கும் மஜீது காக்காவிடம் போனோம். அத்தான், நான், காக்கா. அன்றும் வராதவள் ஒருத்தி. அக்காவைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய இடத்துக்கு அத்தான் ஒரு மூட்டை நெல்லை ஏற்றி வந்திருந்தார். ஓட்டமாவடிப் பக்கம் நெல் ஆலைகள் இருப்பதால் மூட்டையோடு போகிறவனை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

காக்கா இரண்டு சோடியை எடுத்து வைத்தார். "இது கார்ட ஷொக். பஞ்சு மாதிரி. ஆனா உங்கட வெட்டின ஸ்பிரிங்குக்கு நீளம் கூட, இடிக்கும். இது பாரமேத்துற வான்ட. கட்டை, இடிக்காது. ஆனா கல்லு."

"நடுவில ஒண்டும் இல்லையா காக்கா?"

"நடுவில உள்ளதெல்லாம் கொழும்பில நிக்கிது. சண்டை முடிஞ்சா வாங்க மனே."

இரண்டையும் மாறி மாறிப் பூட்டி ஓடிப் பார்க்க விட்டார். மூட்டையைப் பின் சீற்றில், அக்கா இருக்கும் பக்கம் நிமிர்த்தி வைத்தோம். பஞ்சு ஒவ்வொரு குழியிலும் இடித்தது. கல்லோ, வாவியில் தோணி போவதுபோலப் போனது. அத்தான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மூட்டை அசையவே இல்லை.

"பாத்தியா மச்சான், சும்மா நித்திரை கொள்ற மாதிரி இரிக்கி," என்றார். நானும் படித்தவனுக்குரிய முகத்தோடு தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, மூட்டையை இறக்கி, அக்காவை ஏற்றி ஒழுங்கை முனைவரை போனோம். முதல் பள்ளத்திலேயே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். அத்தான் பிரேக்கை மிதித்தார். அக்காவுக்கு அந்த மூட்டையின் நிறை இல்லை. வானுக்குச் செய்த ஷொக், பாரம் இல்லாமல் அசையாது. இது எங்கள் இருவரில் ஒருவருக்கும் முதலில் தோன்றவில்லை.

"ஏன், நெல்லுட்டக் கேட்டீங்களா, குலுக்குதா எண்டு?" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியபடி மூட்டையைப் பார்த்தவள், "அடப் பாவிகளே, விதைநெல்லையா கொண்டு போனீங்க?"

"வேற நிறை வீட்டில எங்க புள்ள இரிக்கி? மத்ததெல்லாம் வித்தாச்சே," என்றார் அத்தான்.

வழி ஒன்றுதான். கார் மெத்தென்று போக வேண்டுமென்றால் மூட்டையும் கூட வர வேண்டும். மண் மூட்டை போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அத்தான் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த நாளில் மண் மூட்டையோடு போனால், எங்கே பங்கர் கட்டப் போகிறாய் என்று கேட்பார்கள். யூரியா என்றால், குண்டு செய்யவா என்றுகூடக் கேட்கமாட்டார்கள், பிடித்துக்கொண்டு போவார்கள். நெல் ஒன்றுதான் யாருக்கும் பயமில்லாத பாரம்.

அப்படி விதைநெல் டிக்கியில் ஏறியது. அக்கா முன் சீற்றில். கார் முன்னையைவிடப் பதிந்து போனது. சாவடியில் கையைக் காட்டி மறித்தார்கள். டிக்கியைத் திறந்ததும் ஒரு சிப்பாய் கம்பியால் மூட்டையைக் குத்தினான். உருவியபோது நெல்தான் கொட்டியது.

"நெல்லு ஏன் ஆஸ்பத்திரி போறது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"அதுக்கும் சுகமில்ல சேர்," என்றார் அத்தான்.

எனக்கு உயிர் போய்விட்டது. அவன் அத்தானைப் பார்த்தான், அக்காவின் வயிற்றைப் பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான். போகச் சொன்னான். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். தேடுகிறவர்களுக்குக் கண்டுபிடிக்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பது அன்றுதான் விளங்கியது. கார் பதிந்து நிற்பதற்கு இப்போது காரணம் இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அக்காவும் நெல்லும் சேர்ந்தே போனார்கள். போகும்போது ஒரு குத்து, வரும்போது ஒரு குத்து. ஓட்டையில் அத்தான் வைக்கோலைத் திருகி அடைப்பார். அடுத்த முறை கம்பி வேறு இடத்தில் இறங்கும். சாவடியடியில் நெல் சிந்தும். மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. அக்கா பெருத்துக்கொண்டே வந்தாள். கடைசி மாதத்தில் காருக்கு இரண்டும் சேர்ந்து சரியான பாரம். அவ்வளவு சுகமாக அந்தக் கார் அதற்கு முன் ஓடியதில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. முழு மாதம், நல்ல நிறை. இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். எந்த ஷொக் போட்ட காரில் ஏறினாலும் குமட்டிச் சத்தி எடுப்பாள். சைக்கிளில்தான் வருகிறாள்.

அந்த வருட மழைக்கு, சாவடி மண் மூட்டைகளின் ஓரத்தில் நெல் முளைத்துப் பச்சையாக நின்றது. அதை யாரும் பிடுங்கவில்லை. சென்ரியில் காவல் நின்றவர்கள் ஆடு வந்தால்கூடத் துரத்தியதாக அத்தான் சொல்வார். பிறகு சாவடி போயிற்று. ரோட்டை அகலமாக்கிக் காபெட் தார் போட்டார்கள். பச்சை நின்ற இடத்தில் இப்போது வெள்ளைக் கோடு ஓடுகிறது. காரை அத்தான் பழைய இரும்புக்கு விற்றார். மஜீது காக்கா இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. கம்பியால் குத்த ஆளில்லாத ரோட்டில் நெல்லும் காரில் போவதில்லை, லொறிதான் வயலுக்கே வருகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கணித ஆசிரியர், மனைவியையே ஏற்றி ஓடிப் பார்க்கக் கூட்டிவர வீட்டுக்குப் புறப்பட்டார். போகிற போக்கில் தன் பாடத்துக்குரிய கேள்வி ஒன்றையும் கேட்டார்.

"எல்லாமா எவ்வளவு செலவு முடிஞ்ச?"

மனதுக்குள் கூட்டிப் பார்த்துச் சொன்னேன்: வான் ஷொக் ஒரு சோடி, விதைநெல் முக்கால் மூட்டை, விதைப்பில்லாமல் கிடந்த வட்டையில் ஒரு ஏக்கர், ஒரு போகம்.