விட்ட இடத்திலிருந்து

என் கணவர் பனியனோடு வேதாகமத்தைத் தொடமாட்டார். காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து, கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை பூட்டிக்கொண்டுதான் உட்காருவார். "கலெக்டரப் பாக்கவா போறீங்க?" என்று கேட்பேன். சிரிப்பாரே தவிர பட்டனைக் கழற்றமாட்டார். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து ஒரு அதிகாரம். பிடித்த பகுதியோ பிடிக்காத பகுதியோ, ஒரு வரியைத் தாண்டமாட்டார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு வேண்டியது வாக்குத்தத்தம். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோவிலில் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வருஷம் அவர் எடுத்த அட்டையில் நீண்ட ஆயுள் வந்தது. நான் அதை பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். சம்பா நெல் களத்தை விட்டுப் போவதற்குள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கீழ்வேளூரில் வீட்டுக்கு வந்ததும் பீரோ முன்னால் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது இல்லை என்றால் என்ன நியாயம்?

அவரால் உட்கார முடியாமல் போன பிறகு வாசிப்பு என் கைக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பார்ப்பேன். சுகம் என்று இருந்தால் உரக்க வாசிப்பேன். சாபம், அழிவு என்று வந்தால் மூடிவிட்டு மறுபடி திறப்பேன்.

பக்கம் புரளும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. "நீ படிக்கல, தேடற" என்றார்.

"தேடாம? நீங்க பொழைக்கணும்ல?"

"நான் விட்ட எடத்துலேருந்து படி."

அவர் விட்ட இடம், வனாந்தரத்தில் ஆண்டவருக்குப் போட்ட கூடாரத்தின் அளவுகள். திரை எத்தனை முழம், கொக்கி எத்தனை என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாகக் கெடக்கற மனுஷனுக்குத் திரைச்சீலை அளவு எதுக்குங்க?" என்று கேட்டேவிட்டேன். அதுவரை அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அவர் கோபப்படவில்லை. "ஆண்டவரு பேசறாரு. நமக்கு வேணுங்கறத மட்டும் பேசுங்கன்னு நாம சொல்ல முடியுமா? கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு சட்டையைக் கேட்டார். கையை நுழைக்க முடியவில்லை. மார்பின் மேல் போர்த்திவிட்டேன்.

மறுநாளிலிருந்து வரிசையாகப் படித்தேன். பக்தியால் இல்லை, அவர் கேட்கிறாரே என்றுதான். கூடாரம் முடிந்து பலிகள் வந்தன. ஆறுதல் என்று எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் வாசிக்கிற அந்த நேரம் மட்டும் நான் ஆண்டவரிடம் எதுவும் கேட்காமல் இருந்தேன். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதென்று தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போன ஒரு காலையில், நான் வேதத்தைப் பிரித்ததும் அவர் கையசைத்தார்.

"இன்னிக்கு ஒனக்கு வேணுங்கறதையே படி."

இத்தனை நாள் ஒரு வரி விட்டுக்கொடுக்காத மனுஷன் விட்டுக்கொடுக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

"வேண்டாங்க. வரிசையாவே படிக்கறேன்."

குஷ்டரோகத்தை ஆசாரியன் எப்படிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிற அதிகாரம். நீளமானது. பாதி தாண்டும்போது அவருடைய மூச்சுச் சத்தம் நின்றது. எனக்குக் கேட்டது. நான் நிமிரவில்லை. கடைசி வரி வரை படித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.