சரசு அக்கா ஊற்றிய தண்ணீர்

சரசு அக்கா இன்று விடியற்காலை போய்விட்டார். தொண்ணூற்று நான்கு வயது. புக்கிட் காதில் பக்கம், அவர் வீட்டில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே.

எல்லாரும் கைகூப்புகிற படம் போடுகிறீர்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு உட்கார்ந்தால் கோபம் கோபமாக வருகிறது...

எனக்குத் தொண்ணூற்றொன்று. இனி யாரிடம் போய் இதைச் சொல்வது? அக்காவின் பிள்ளைகள் கண்ணில் இந்தப் பதிவு படாதபடி என் மகள் ஏதோ செட்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறாள். யாரும் ஷேர் செய்ய வேண்டாம்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அப்பாவை சியாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அம்மா, பத்து வயதில் நான், இரண்டு வயதில் தம்பி.

தம்பிக்கு மூச்சு இளைப்பு. மருந்து என்று எங்கேயும் எதுவும் கிடையாது. அம்மா நம்பியிருந்தது பிஸ்கட் தகரத்தில் வளர்ந்த ஒரே ஒரு கற்பூரவல்லிச் செடியை.

வாசற்படி வரைக்கும் மரவள்ளிதான் நட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு. வேறு செடியைப் பார்த்தால் பிடுங்கி எறிவான், கன்னத்தில் அறையும் விழும். அதனால் தகரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. வெயில் படாமல் தண்டு நீண்டு, இலை வெளுத்து... காலையில் பின்பக்க ஜன்னலில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு இலைதான் கிள்ளலாம். மூன்றாவதைக் கிள்ளியதற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

உப்பும் கிடைக்காது. கடற்கரைக்கு நடந்துபோய் மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீர் மொண்டு வந்து அடுப்படியில் வைத்திருப்போம், கஞ்சியில் ஓர் அகப்பை ஊற்ற. பக்கத்திலேயே கிணற்றுத் தண்ணீர் டின். இரண்டும் ஒரே மாதிரி டின். எது எது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்போது அம்மாவுக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல் மலேரியா. ஐந்து நாள் எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல் வீடு என்று ஓர் ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. சரசு அக்கா மட்டும் வந்தார். அவருக்கே பதிமூன்று வயதுதான்.

கிழங்கும் வெந்நீரும் அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்து கொடுத்தார். தம்பியை இடுப்பை விட்டு இறக்கவில்லை. யாரும் சொல்லாமலே செடிக்கும் தண்ணீர் ஊற்றினார்.

கடல் தண்ணீர். ஐந்து நாளும்.

அம்மா எழுந்து வந்து பார்க்கும்போது இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

வேரை அலசி, மண்ணை மாற்றி, தண்டை ஒடித்து இன்னொரு தகரத்தில் நட்டு... பதினைந்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஒரே ஒரு துளிர் வந்தது. அதுவும் அழுகிப்போனது. ஒரு கிளை கேட்டு புக்கிட் பாரு வரைக்கும் நடந்தார். அங்கேயும் எல்லார் வாசலிலும் மரவள்ளி.

தம்பி அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தான்.

அவனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அக்காவைப் பிடித்து உலுக்கிக் கேட்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. இந்த வீட்டுக்குள்ள வந்தவ அவ ஒருத்திதான்."

சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள் நான். இலைச் சாறு இளைப்பைத் தீர்க்காது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன...

அதோடு விட்டாரா அக்கா? கல்யாண வீடு, கருமாதி வீடு, எங்கே பார்த்தாலும் இதே கதை. "இவங்க அம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப நான்தான் தண்ணி ஊத்தி அந்தச் செடியக் காப்பாத்திக் குடுத்தேன். எந்திரிச்ச பிறகு இவங்க சாவ விட்டுட்டாங்க."

நாங்கள் சாக விட்டோமாம். என் கல்யாணப் பந்தியிலேயே சொன்னார். பக்கத்தில் அம்மா ஒன்றும் நடக்காத மாதிரி அப்பளம் வைத்துக்கொண்டு போகிறார். அன்றைக்கு எனக்கு அம்மா மேலும் கோபம்.

போன தீபாவளிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். புறப்படும்போது ஒரு கற்பூரவல்லித் தொட்டியைக் கையில் திணித்தார். "இதையாச்சும் சாவ விடாத, தங்கச்சி."

காரில் வரும் வழியெல்லாம் மகளிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

கோபத்தில் அந்தச் செடியைக் காயப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். அதிகமாக ஊற்றிவிட்டேன் போல... ஒரு மாதத்தில் வேரோடு அழுகிவிட்டது.

போன வாரம் முடிவு செய்தேன். அம்மா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் என்ன சத்தியம். சொல்லியே தீருவது என்று போன் போட்டேன். அக்காவின் மகள் போனை அவர் காதில் வைத்தாள். மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. தம்பிக்கும் அப்படித்தான் இழுக்கும்.

"செடி எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குக்கா. புதுசா துளிர் விட்டிருக்கு."

"என் கை பட்ட செடி சாவாது."

போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். வருவேன். யாராவது அந்தச் செடிக் கதையை எடுப்பார்கள். ஆமாம், அக்காதான் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டு வருவேன்.

போய் வாருங்கள் அக்கா. எனக்குக் கோபம் தீரவில்லை.